தேரை சொன்ன ‘ஆமாம்’

போன வாரம் எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில் ஒரு துக்கம். அதைத் துக்கம் என்று சொல்லலாமா கூடாதா என்றே யாருக்கும் தெரியவில்லை. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது.

பார்க்கப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. அவளுடைய மாமியார் என்னை உள்ளே இழுத்துக் குரலைத் தாழ்த்தி, ஒன்றுமில்லை, லேசான வயிற்று வலி என்றார். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இத்தனை ரகசியம்?

கையில் வழக்கம்போல மைலோ டின்னும் ஆப்பிளும். கொடுத்துவிட்டு, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நாகரிகம் தெரிந்தவள் அதைத்தான் செய்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? படுத்திருந்த பெண்ணின் காதருகே குனிந்து, வெளியே வந்தது எப்படி இருந்தது, டாக்டர் அதைப் பார்த்தாரா, பிறகு யூரின் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாரா என்று கேட்டேன்.

அறையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சாவு வீட்டில் போய் ‘இன்றைக்கு என்ன சமையல்?’ என்று கேட்டவளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். ஆனால் இந்தக் கேள்வி வாய்க்கொழுப்பில் வந்ததில்லை. இதற்குப் பின்னால் என் தங்கை லோகா இருக்கிறாள். கூடவே ஒரு தேரையும் இருக்கிறது. ஆமாம், மழை பெய்தால் லோங்காங் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து கத்துமே, அதே தேரைதான்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. லோகாவைக் கெர்பாவ் ரோட்டில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கோவிந்தனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவருடைய அம்மா பாக்கியம் அத்தை தேக்கா மார்க்கெட்டில் மசாலா அரைத்து விற்பவர். மலாய்க்காரர் வந்தால் ஒரு பதம், சீனர் வந்தால் ஒரு பதம், நம் ஆள் வந்தால் வேறு பதம். கறிக்கா மீனுக்கா என்று மட்டும் கேட்பார். மற்றதெல்லாம் அவர் கைக்கே தெரியும். பேச்சிலும் காரம் கொஞ்சம் தூக்கல்தான்.

லோகா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த சில நாளிலேயே கோவிந்தனின் அப்பாவுக்கு ஊரில் சீரியஸ் என்று தந்தி வந்தது. கோவிந்தன் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஊருக்குப் போனவர்கள் சொன்ன நாளில் திரும்பியதாகச் சரித்திரம் உண்டா? மாதங்கள் ஓடின.

இங்கே லோகாவுக்கு வாந்தியான வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆனால் வயிறு மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தது. மூன்றாம் மாதத்தில் ஐந்து மாத வயிறு! இரட்டைப் பிள்ளைதான் என்று அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டார். மார்க்கெட் முழுக்கச் சொல்லியும் வைத்தார். நானும் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் இரண்டு குல்லாய் பின்னத் தொடங்கினேன்.

குல்லாய் முடியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் லோகாவுக்கு ரத்தப்போக்கு. அரை மயக்கத்தில் கிடந்தாள். கூட இருந்தது அத்தை மட்டும்தான். எனக்குத் தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்து, அறையைக் கழுவிச் சாம்பிராணியும் போட்டாகிவிட்டது. கலைந்துவிட்டது, வெளியே பேச வேண்டாம், மகன் வந்ததும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அத்தை. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நம் வீடுகளில் கேட்கவும் மாட்டோம்.

அதற்குப் பிறகும் உதிரம் நிற்கவில்லை. நிற்கும், வரும், நிற்கும். உடம்புச் சூடு என்றார் அத்தை. வெந்தயம், இளநீர், பார்லித் தண்ணீர் எல்லாம் நடந்தது. தீட்டு என்று லோகாவுக்குப் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறவளுக்கு எத்தனை வாரமாக இப்படி என்று யார் கணக்கு வைத்துக்கொள்வது?

பிறகு இருமல். ஒரு காலையில் துண்டில் ரத்தம்.

இருமலில் ரத்தம் என்றால் இந்தச் சிங்கப்பூரில் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். டி.பி.! அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு டி.பி. கிளினிக்குக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. ஆனால் நுரையீரலில் உருண்டை உருண்டையாக நிழல்கள். இது டி.பி. மாதிரி இல்லை, பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நெஞ்சு நோய்க்குப் பிரசவ ஆஸ்பத்திரியா? டாக்டருக்குத்தான் ஏதோ கோளாறு என்று அத்தை வழியெல்லாம் புலம்பியிருக்கிறார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பஸார் மலாயில் ஒரே கேள்விதான் கேட்டாராம். சமீபத்தில் கர்ப்பமாக இருந்தாயா? லோகா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, “தாக் அடா” என்றுவிட்டார். இல்லவே இல்லையாம்! நெஞ்சில் இருக்கிற வியாதிக்கும் முடிந்துபோன கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார். மகனுக்கே இன்னும் சொல்லாததை முன்பின் தெரியாத டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் கணக்கு அவருக்கு.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, ஒரு பாட்டில் சிறுநீர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் போனபோது டாக்டரம்மா வேறொரு கேஸில் இருந்தார். மேஜையில் இருந்த நர்ஸ் முடிவை மட்டும் சொன்னார். கர்ப்ப டெஸ்ட் பாஸிட்டிவ். டாக்டர் நாளைக் காலை பார்க்க வேண்டும் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். புருஷன் கப்பல் ஏறி அரை வருஷம் ஆகப்போகிறது. இருந்த கர்ப்பம் கலைந்தது மாமியாருக்கே தெரியும். இப்போது பெண் கர்ப்பம் என்கிறது ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது இருவரும் ஒரே டிரைஷா வண்டியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். கெர்பாவ் ரோடு வரும்வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லையாம். மசாலா விலைக்கே ஊரைக் கூட்டுகிறவர்!

சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “டீச்சர், உங்க தங்கச்சிய நீங்களே வந்து கேளுங்க. நான் கேட்டா நல்லாருக்காது” என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

போனேன். லோகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக, மூச்சுவிடவே சிரமப்படுகிற உடம்பு. அவளிடம் நான் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, நான் சாகறதுன்னா செத்துப் போறேன். இந்தப் பேரோட மட்டும் என்னச் சாக விட்றாத.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்ய முடிந்தது? எதையும் நம்பலாம், என் தங்கையைப் பற்றி அதை மட்டும் நம்ப மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி டெஸ்ட் பொய் சொல்லுமா?

காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். இவளுக்குச் சில மாதங்களுக்கு முன் கரு கலைந்தது. புருஷன் ஊரில் இல்லை. இப்போது கர்ப்பமாக இருக்க வழியே இல்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வந்தது எப்படி இருந்தது, பார்த்தவர் யார் என்று கேட்டார்.

பார்த்தவர் ஒரே ஒருவர்தான். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சொன்னால், இத்தனை நாள் மூடி மறைத்தது தெரியும். சொல்லாவிட்டால், மருமகள் தலையில் விழுந்த பழி அப்படியே நிற்கும்.

“புள்ளயே இல்ல டீச்சர்” என்றார் அத்தை கடைசியில். “வெந்த ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தா... கொத்துக் கொத்தா வந்துச்சு. எங்க ஊர்ல முத்துப்பிள்ளைம்பாங்க. வெளிய தெரிஞ்சா இவளப் பத்தி கண்டதும் பேசுவாங்கன்னு நான்தான் பேப்பர்ல சுத்தி... யார்கிட்டயும் சொல்லல.”

மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்ட முகம். ஒரு காகிதத்தை எடுத்துக் கருப்பையைப் படம் போட்டார்.

சில கர்ப்பத்தில் குழந்தை உருவாவதே இல்லையாம். குழந்தைக்குச் சோறு போட வேண்டிய நஞ்சுக்கொடி மட்டும் தறிகெட்டுப்போய் நீர் முத்துகளாக வளர்கிறது. அதனால்தான் அந்த வாந்தி, அந்தப் பெரிய வயிறு. வெளியே வந்த பிறகும் அதில் ஒரு துளி உள்ளே தங்கிவிட்டால் மறுபடி வளரும். சில சமயம் ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கே போய்க் குடியேறும். போன இடத்திலிருந்துகொண்டு, ‘இந்தப் பெண் கர்ப்பிணி’ என்று உடம்புக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும். இது புற்றுநோயில் ஒரு வகை. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. குழந்தையும் இல்லை.

அத்தை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னார். அப்படியானால் இவள் மேல் தப்பு எதுவும் இல்லையா?

கேட்டேன். டாக்டரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “எந்தத் தப்பு?” என்றார்.

அத்தை அந்த ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். லோகாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமானது.

எனக்குப் புத்தி வேறு எங்கோ போயிற்று. டெஸ்ட் எப்படிச் செய்கிறார்கள்? கேட்டதும் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என்னைப் பின்பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேரை, உலகத்தில் எதுவுமே தன்னைப் பாதிக்காது என்பதுபோல உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஆண். பெண்ணின் சிறுநீரைத் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்களாம். சில மணி நேரம் கழித்துத் தேரையின் நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். அதில் ஆண் அணுக்கள் நெளிந்தால் அந்தப் பெண் கர்ப்பம். இதற்கு மேல் விளக்கினால் பத்திரிகை ஆசிரியர் கத்தரி போட்டுவிடுவார்.

லோகாவின் சிறுநீரில் தண்ணீர் கலந்தார்களாம். மேலும் கலந்தார்களாம். சாதாரணக் கர்ப்பமாக இருந்தால் அத்தனை தண்ணீருக்குத் தேரை சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் எத்தனை நீர்த்தாலும் அது ‘ஆமாம், ஆமாம்’ என்றே சொல்லியிருக்கிறது. அதில்தான் டாக்டரம்மாவின் சந்தேகம் வலுத்திருக்கிறது.

மாமியார் மறைத்ததை, மருமகளுக்கே தெரியாததை, படித்த அக்காவுக்கு எட்டாததை ஒரு லோங்காங் தேரை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது! மனுஷிக்கும் தேரைக்கும் நடுவில் இப்படி ஒரு கம்பியை யார் இழுத்து வைத்தது? இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

அடுத்த ஆச்சரியம், மருந்து. மேல்நாட்டில் ரத்தப் புற்றுநோய்க்காகக் கண்டுபிடித்ததாம். இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததில் சில பெண்கள் பிழைத்தார்களாம். இங்கே அப்போதுதான் வந்திருந்தது. உத்தரவாதம் இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் வேறு வழியும் இல்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பார்த்தால் பொடிப்பொடி மஞ்சள் மாத்திரை. இதுவா நுரையீரல் வரை போயிருக்கிற எமனை விரட்டப்போகிறது என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

சும்மா விரட்டவில்லை. லோகாவின் வாயெல்லாம் புண். முடி கொத்தாகக் கழன்றது. கஞ்சி பட்டால்கூட எரிந்தது. பழைய அம்மியில் மிளகாய்க் காரம் ஊறியிருக்கும் என்று அத்தை லோகாவுக்காகவே புது அம்மி வாங்கினார். சோற்றையும் பருப்பையும் அதில் வெண்ணெயாக அரைத்து, டிபன் கேரியரில் வார்டுக்குக் கொண்டு வருவார். பின்கட்டுத் தனித் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். அவருடைய ஸ்பூனாலேயே ஊட்டினார்.

மருந்து, ஓய்வு, மறுபடி மருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு எக்ஸ்ரே. டாக்டரம்மா படங்களை விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டிக் காட்டுவார். கோலிக்குண்டு அளவில் இருந்தது பட்டாணியாயிற்று. பட்டாணி மங்கலாயிற்று. கடைசிப் படத்தில் எதுவுமே இல்லை! விலா எலும்பும் வெறும் நுரையீரலும்தான். நான் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கோபுர தரிசனம்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

தேரையும் கடைசியில் ‘இல்லை’ என்றது. ஊரெல்லாம் தேரை ஆமாம் என்றால் சர்க்கரை கொடுப்பார்கள். நாங்கள் இல்லை என்றதற்கு வார்டு முழுக்கக் கேசரி கொடுத்தோம்.

இடையில் கோவிந்தன் வந்து இறங்கினார். அவரிடம் எல்லாவற்றையும் அத்தையே சொன்னார். தான் சந்தேகப்பட்டதையும் சேர்த்து. அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் சிறுநீர் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனவர் அவர்தான்.

யாருக்கெல்லாம் இது வரும்? டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ரொம்பச் சின்ன வயதில் உண்டாகிறவர்களுக்கும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் அதிகம். முத்துப்பிள்ளை ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்புண்டு. வெள்ளைக்காரிகளைவிட நம் பக்கத்துப் பெண்களுக்கு அதிகமாம். சத்துக் குறைவு காரணமோ என்று சந்தேகப்படுகிறார்களாம், உறுதியாகத் தெரியாதாம். மாதத்துக்கு மீறி வயிறு வளர்ந்திருந்தால், கலைந்த பிறகு மிச்சம் தங்குகிற ஆபத்து கூடுதல். அபூர்வமாக, சாதாரணமாகக் கலைந்த பிறகும், ஏன், நல்ல பிரசவத்துக்குப் பிறகும்கூட வரலாம். அன்னாசி தின்றதால் வராது. கிரகணம் பார்த்ததால் வராது. யாருடைய நடத்தையாலும் வராது!

அதனால்தான் போன வாரம் அநாகரிகமாகக் கேட்டேன். இனியும் கேட்பேன். கலைந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டாம். டாக்டருக்குச் சொல்லுங்கள். உதிரம் நிற்காவிட்டால் சொல்லுங்கள், இருமினாலும் சொல்லுங்கள். இப்போது தேரைகளுக்கு வேலை போய்விட்டதாம். கண்ணாடிக் குழாயிலேயே டெஸ்ட் செய்கிறார்களாம். அதையாவது செய்துகொள்ளுங்கள்.

லோகாவை நீண்ட காலம் கர்ப்பமாகாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். உண்டானால் தேரை ஆமாம் என்றுதான் சொல்லும். அது குழந்தைக்காகவா, திரும்பி வந்த நோய்க்காகவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொன்ன கெடு முடிந்து, மேலும் பொறுத்திருந்து... ஒரு நாள் தேரை மறுபடி ஆமாம் என்றது.

வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வயிறு மாதத்துக்குச் சரியாக வளர்ந்தது. இருந்தாலும் இதயத் துடிப்புக் கேட்டால்தான் நிச்சயம் என்றார் டாக்டரம்மா. அதற்கு ஐந்தாம் மாதம் வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் அத்தை மார்க்கெட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நாள் வந்தது. கோவிந்தன் திரைக்கு வெளியே நின்றார். லோகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டரம்மா ஒரு சின்ன மரக்குழலை அவள் வயிற்றில் வைத்து, அதில் காதை வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். பிறகு அசையாமல் நின்றார்.

நிமிர்ந்தவர் என்னிடம் வரவில்லை. லோகாவிடமும் எதுவும் சொல்லவில்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்து, தலையைக் குனிய வைத்து, குழலில் காதை வைத்துவிட்டார்.

அத்தை முதலில் மூச்சை அடக்கினார். பிறகு அவர் உதடு ஏதோ தாளத்துக்கு அசைய ஆரம்பித்தது. கண்ணீர் மூக்கு நுனியில் தேங்கி லோகாவின் வயிற்றில் சொட்டியது. “ஓடுதுடி” என்றார் மெதுவாக. “குதிர மாதிரி ஓடுதுடி.”

அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று டாக்டரம்மா குழலைத் திருப்பிக் கேட்டார். அத்தை கொடுக்கவில்லை.